செத்தவர்களை வரைகிறவள் வகுப்பெடுத்த கதை

செத்தவர்களைப் படம் வரைகிற தொழிலில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு: வரையப்பட்டவர் எழுந்து வந்து குறை சொல்லமாட்டார்.

முதலியார்பேட்டையில் என் வீட்டு முன்னறைதான் பட்டறை. பதினெட்டு வருஷமாக இதே வேலை. ஒரு வீட்டில் யாராவது போய்விட்டால் முப்பதாம் நாள் பூசைக்கோ கருமகாரியத்துக்கோ மாலை போட ஒரு படம் வேண்டும். அழுத கண்ணோடு ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு வருவார்கள். அது அடையாள அட்டைப் போட்டோவாக இருக்கும், இல்லையென்றால் கல்யாணப் பந்தியில் அப்பளம் கடிக்கும்போது எடுத்ததாக இருக்கும். சில சமயம் பெட்டிக்குள் படுக்கவைத்த பிறகு எடுத்ததாகவும் இருக்கும். "கண்ணு மட்டும் தொறந்த மாதிரி போட்டுக் குடுங்க" என்பார்கள். கூட வந்த அண்ணனையோ தங்கையையோ ஸ்டூலில் உட்காரவைத்து, அந்தக் கண்ணைப் பார்த்து இவருக்குப் போட்டுவிடுவேன்.

கண்ணோடு முடிவதில்லை. கொஞ்சம் கலராக இருக்கட்டும், லேசாகச் சிரித்த மாதிரி இருக்கட்டும், மரு, தழும்பு இருந்தால் எடுத்துவிடுங்கள் என்று எல்லோருமே கேட்பார்கள். கேட்டுக் கேட்டு, இப்போது கேட்பதற்கு முன்னாலேயே கை அதைச் செய்துவிடும். கறுப்பாகப் போனவர்கள் என்னிடம் வந்து மாநிறமாவார்கள், மாநிறமாகப் போனவர்கள் சிவப்பாவார்கள். இதனாலேயே எனக்கு ஊரில் நல்ல பேர்.

எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை. யாராவது பின்னால் நின்று பார்த்தால் எனக்குக் கை ஓடாது, நாக்கும் புரளாது. நாலு பேர் முன்னால் எழுந்து நிற்கச் சொன்னால் உள்ளங்கை வேர்க்கிற கூட்டமா நீங்களும்? அப்படியானால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் உட்கார்ந்துகொள்கிறேன். நம் கஷ்டம் மற்றவர்களுக்குச் சொன்னால் புரியாது.

மாட்டிவிட்டவள்

ரெஜினா என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். கோயிலுக்குப் பக்கத்து ஹாலில் தையல் வகுப்பு நடத்துகிறாள். அங்கே சனிக்கிழமை மதியம் பெரியவர்களுக்கு ஓவிய வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர் மகனோடு இருக்க பெங்களூர் போய்விட்டார். அடுத்த டீச்சர் நான்தான் என்று ரெஜினா வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டாள். எனக்கு அந்த விஷயம் தெரியவந்ததே, யாரோ ஒரு புண்ணியவான் எனக்கு வாழ்த்து அனுப்பியபோதுதான்.

சண்டை போடத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். முடியவே முடியாது, நான் அங்கேயே மயங்கி விழுந்துவிடுவேன் என்றேன். அவள் மீன் குழம்பைக் கிண்டிக்கொண்டே, நான் கடைசியாக அழாத ஒரு மனுஷரிடம் பேசியது எப்போது என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். என் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் எல்லோரும் சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள். பால்காரர் பையை மாட்டிவிட்டுப் போய்விடுவார். எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, அம்மா போய் நாலு வருஷம். ரெஜினா கரண்டியைத் தட்டி வைத்துவிட்டுச் சொன்னாள்: "செத்தவங்க கூடவே இருந்து இருந்து நீயும் அப்படியே ஆயிட்டு வர்றடி ஜெசி. சனிக்கிழமை மூணு மணிக்கு வந்துடு."

ஒத்திகை

பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்தேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கலாம் என்றால், கண்ணாடியில் இருந்தவள் என்னைவிடப் பயந்திருந்தாள். அதனால் பட்டறைக்குப் போனேன். அங்கே முடித்து வைத்த படங்கள் ஆறு, வாங்கிப்போக ஆள் வராமல் சுவரோரம் சாய்ந்து நின்றன. ஆறு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைவிட நல்ல வகுப்பு அமையாது என்று, "எல்லாரும் பென்சிலை எடுங்க, வணக்கம், என் பேர் ஜெசிந்தா" என்று ஆரம்பித்தேன். வணக்கம்தான் முதலில் வரவேண்டும். திரும்ப முதலிலிருந்து சொன்னேன். மூன்றாவது தடவை ரொம்ப நன்றாகவே வந்தது.

"நீங்க ஐயா, கடைசியில இருக்கிறவங்க, கோடு நேரா வருதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினால், திறந்த கதவில் ஒருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார். அப்பாவின் படத்தை வாங்க வந்தவர். நான் கேள்வி கேட்டது அவருடைய அப்பாவைத்தான். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசல்வரை போய், நின்று, சிரிக்காமல் சொன்னார்: "எங்கப்பா மூணாங்கிளாசோட நின்னுட்டாரும்மா. இப்பவாவது நாலு எழுத்து படிக்கட்டும், நீங்க நடத்துங்க."

முதல் சனிக்கிழமை

ஏழு பேர் இருந்தார்கள். முன் வரிசையில் லெயோன் மிசியே. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, வயது எழுபத்தொன்று, நல்ல கறுப்பு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவருக்கு அடுத்து சுகந்தி. ஆஸ்பத்திரியில் அவசர வார்டில் நர்ஸ். மற்றவர்கள் ரெஜினாவின் தையல் வகுப்புப் பெண்கள், சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்கள்.

மனப்பாடம் செய்தது ஒரு வரிகூட நினைவில் இல்லை. சரி, ஒரு வட்டம் போட்டுக் காட்டிவிடலாம் என்று போர்டு பக்கம் திரும்பினேன். பதினெட்டு வருஷமாகத் தலை வரைகிறவளுக்கு வட்டம் என்ன பெரிய விஷயம்? ஆனால் முதுகில் பதினாலு கண். கை கடகடவென்று ஆடியது. கோடு பாதி வழியில் உள்ளே போய், வெளியே வந்து, சாக்பீஸ் உடைந்து, எப்படியோ போய் முடிந்தது. மிதிபட்ட டிபன் டப்பா மூடி என்று சொல்லலாம். "இதப் போட்டுப் பாருங்க" என்று முணுமுணுத்துவிட்டு நேராகப் பாத்ரூமுக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அங்கே பக்கெட்டைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

திரும்பி வந்தால் ஹால் நிசப்தம். எல்லோரும் குனிந்து வரைந்துகொண்டிருந்தார்கள். அப்பாடா என்று ஒரு சுற்று வந்து பார்த்தேன். ஏழு பேரும் ஏழு நசுங்கிய வட்டம் போட்டிருந்தார்கள். நான் நடுங்கின ஒவ்வொரு இடத்திலும் அவர்களும் கஷ்டப்பட்டுக் கோட்டை நெளித்திருந்தார்கள். மிசியே மட்டும் ரப்பரும் கையுமாகத் திணறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டார்: "மதாம், எல்லாம் வந்துடுச்சு, வலப்பக்கம் இருக்கிற அந்த நெளிவு மட்டும் எனக்கு வரமாட்டேங்குது, இன்னொரு தடவ போட்டுக் காட்டுறீங்களா?"

நாடி பார்த்தவர்

அடுத்த வாரமே ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். வீட்டிலேயே வரைந்து எடுத்துக்கொண்டு போய் ஹாலில் ஒட்டிவிடுவது. ஆப்பிள், சொம்பு, குடை. "இதைப் பார்த்துப் போடுங்க" என்று ஒரு வார்த்தை. பிறகு ஒன்றரை மணி நேரம் ஜன்னல் ஓரம் நின்று, முக்கியமான எதையோ தேடுவதுபோல் என் பையைக் கிளறிக்கொண்டிருப்பேன். யார் பக்கத்திலும் போவதில்லை. யாருடைய தாளிலும் கை வைப்பதில்லை. கற்றுக்கொடுக்காமலே வகுப்பு நடத்தும் வித்தை எனக்குக் கைவந்துவிட்டது. இப்படி ஒரு மாதம் ஓடியது. எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

ஒரு நாள் சுகந்தி தாளை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்துவிட்டார். சொம்பின் வாய் ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவர் சொம்பை விட்டுவிட்டு என் கழுத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசுகிற தொனியில் சொன்னார்: "கழுத்துல நாடி துடிக்கிறது இங்கிருந்தே தெரியுது மேடம். பயப்படாதீங்க, இதவிட மோசமா வந்தவங்க எல்லாம் என் வார்டுல பொழச்சு எழுந்து போயிருக்காங்க, பாதிப் பேராவது."

ஆப்பிள் வரையாதவர்

அந்தச் சமயத்தில்தான் அஞ்சலை அக்கா வந்து சேர்ந்தார். கடலோரப் பிள்ளைச்சாவடிக்காரர். காலையில் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். மதியம் வீட்டுக்குப் போய், குளித்து, துவைத்த புடவை கட்டி, ஈரத் தலையோடு வருவார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். யாரிடமும் பேசமாட்டார். முன் பெஞ்சில், மிசியேவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் போட்டுக்கொண்டே இருப்பார்.

என்ன போடுகிறார் என்று இரண்டு வாரம் நான் பார்க்கவே இல்லை. பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டிவரும். மூன்றாம் வாரம் அவர் தாள் ஒன்று காற்றில் பறந்து என் காலடியில் விழுந்தது. தாள் முழுக்க மூக்கு. இருபது முப்பது மூக்கு இருக்கும், எல்லாம் அழித்து அழித்துப் போட்டது. சில இடத்தில் தாளே கிழிந்திருந்தது. சுவரில் நான் ஒட்டியிருந்தது ஆப்பிள். தாளைக் கொண்டுபோய்க் கொடுத்து, என் டீச்சர் வாழ்க்கையின் முதல் திருத்தத்தைச் சொன்னேன்: "அக்கா, இன்னிக்கு ஆப்பிள்தான் போடணும்." அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை, களைப்புதான் இருந்தது. "ஆப்பிளு போடறதுக்கு நான் ரெண்டு பஸ்சு மாறி வரல டீச்சரு."

என் கையெழுத்து

வேறு என்ன போட வேண்டும் என்று கேட்டேன். அடுத்த சனிக்கிழமை அவர் ஒரு பெரிய பையோடு வந்தார். உள்ளே துண்டில் சுற்றி, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம். பெஞ்சின் மேல் வைத்துத் துண்டை விலக்கினார். இருபத்திரண்டு வயசுப் பையன். மாநிறம், வழவழவென்ற முகம், உதட்டோரம் சின்னதாக ஒரு சிரிப்பு. கீழே மூலையில் என் கையெழுத்து.

எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பையனின் அண்ணன் வந்திருந்தான். படகு அலையில் கவிழ்ந்து, தம்பி மறுநாள் கரை ஒதுங்கியதாகச் சொன்னான். போனில் இருந்த போட்டோ எல்லாம், முகத்தைத் தானாகவே வெள்ளையாக்கிக் காட்டுகிற மாதிரி எடுத்தவை. அடையாள அட்டை ஒன்றில் மட்டும் நிஜமான நிறம் தெரிந்தது. இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தழும்பும் இருந்தது. "அம்மா பாத்தா சந்தோசப்படணும்" என்றான் அண்ணன். நான் தழும்பை எடுத்தேன். புருவத்தைச் சேர்த்தேன். நிறத்தைக் கூட்டினேன். அண்ணன் கண்ணைப் பார்த்துத் தம்பிக்குக் கண் போட்டேன். நான் வரைந்ததிலேயே நல்ல படம் என்று நினைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அதை என் போனில் காட்டியும் இருக்கிறேன்.

அஞ்சலை அக்கா சத்தம் போடவில்லை. பேர் சக்தி என்றார். நல்ல கறுப்பு, அவங்கப்பா மாதிரி என்றார். ஏழு வயசில் நங்கூரம் இடித்துப் புருவம் பிளந்து தையல் போட்டது என்றார். "இது அவன் இல்லன்னு மொதல்ல எனக்குத் தெரிஞ்சுது டீச்சரு. வூட்டுல எல்லாரும் அழகா இருக்குன்னாங்க, மாட்டிட்டாங்க. தெனம் இதப் பாத்துக்கினே வெளக்கு ஏத்தறேன். இப்ப கண்ண மூடுனா இந்தப் புள்ளதான் வருது. எம்புள்ள வரமாட்டறான்." அந்த அடையாள அட்டையைக் கொண்டுவாருங்கள், நானே மறுபடி சரியாக வரைந்து தருகிறேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அட்டை அவன் அண்ணனிடம் இருந்து தொலைந்துவிட்டதாம். இருந்தாலும் வேண்டாமாம். படத்தைத் துண்டில் திரும்பச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "நீங்க ரொம்ப நல்லா வரைஞ்சிடறீங்க டீச்சரு, அதான் பயமா இருக்குது. எனக்குப் போடச் சொல்லிக் குடுங்க, போதும்."

காய்ச்சல் என்று சொன்ன வாரம்

அடுத்த சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் என்று ரெஜினாவுக்குச் செய்தி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை. பட்டறையில் உட்கார்ந்து, பழைய வேலைகளின் போட்டோவைப் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த போட்டோ ஒரு பக்கம், நான் கொடுத்த படம் ஒரு பக்கம். சக்தியின் அட்டையை மட்டும் போனில் எடுத்துவைக்க மறந்திருந்தேன். ஒரு அம்மாவின் உதட்டு மேல் இருந்த மரு. பல் எடுப்பாக இருந்த ஒரு பெரியவர். அம்மைத் தழும்போடு ஒரு பெண். எல்லோரையும் நான்தான் துடைத்திருந்தேன். முதல் தடவை அவர்கள் செத்தது என்னால் இல்லை, அது மட்டும்தான் எனக்குச் சொல்லிக்கொள்ள மிஞ்சியிருந்தது. அன்றைக்குப் பட்ட அவமானம் போல இன்றுவரை வேறு எதற்கும் பட்டதில்லை. அதோடு, இத்தனை நாள் ஜன்னலோரம் நின்று நான் பையைக் கிளறிய நேரமெல்லாம் ஒருத்திக்குப் பிள்ளை முகம் கரைந்துகொண்டிருந்த நேரம் என்பதும் உறைத்தது.

சாயங்காலம் ரெஜினா வந்தாள். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் திட்டவில்லை. மற்றவர்கள் செய்தியைப் பார்த்துவிட்டு வரவில்லை, அஞ்சலை அக்காவிடம் போன் கிடையாது என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவளே சொன்னாள்: "நான் மெஷினையெல்லாம் மூடிட்டு வர்ற வரைக்கும் அந்தம்மா காலி ஹால்ல தனியா உக்காந்து மூக்கு போட்டுக்கினு இருந்துச்சு. டீச்சரு வர லேட்டாகும் போலன்னு என்கிட்ட சொல்லுச்சு."

கறுப்புப் பாடம்

அதற்கடுத்த சனிக்கிழமை நான் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. ஒட்டுவதற்குப் படமும் கொண்டுபோகவில்லை. ஹாலில் நின்று, அந்தப் பையன் முகத்தைக் கெடுத்தது நான்தான், அவனைத் திரும்பக் கொண்டுவர எனக்கும் வழி தெரியாது, தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கண்ணுக்கு மறந்துபோனது கைக்கு மறந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. காய்ச்சல் வந்தால் பிள்ளைக்கு நெற்றியில் பத்து போடுவீர்களா அக்கா என்று கேட்டேன். போடுவாராம், சுக்கு இழைத்து. நெற்றி எத்தனை விரல் என்றேன். அவர் காற்றில் கையைத் தூக்கி, கண்ணை மூடி, இல்லாத ஒரு நெற்றியில் விரலை வைத்தார். "மூணு. பெரியவனுக்கு நாலு வேணும், இவனுக்கு மூணு போதும்." மூன்று விரலைத் தாளில் வைத்துக் குறித்துக்கொண்டோம். புருவத்திலிருந்து மூக்கு நுனி எவ்வளவு, எண்ணெய் தேய்க்கும்போது காது எங்கே தட்டுப்படும், ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அந்த விரல்களிடம் பதில் இருந்தது. ஏழு வயசில் போட்ட தையல் ஆள் வளர வளர அகலமாகும் என்று சுகந்தி சொல்லி, தழும்பு எப்படி இருந்திருக்கும் என்று தன் தாளில் போட்டுக் காட்டினார். அஞ்சலை அக்கா அதைத் தொட்டுப் பார்த்தார்.

நிறத்துக்கு வந்தபோதுதான் நான் முழித்தேன். கறுப்புத் தோலை எப்படி வரைவதென்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் அப்படி வரைந்து கொடுத்ததில்லை. அதையும் அப்படியே வகுப்பில் சொன்னேன். மிசியே எழுந்தார், சட்டைக் கையை மடித்துவிட்டார், ஸ்டூலை ஜன்னல் வெளிச்சத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் தாள் முழுக்கக் கரியைத் தேய்த்தேன். பிறகு ரப்பரால் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். நெற்றி மேட்டில் ஒரு துளி, கன்னத்து எலும்பில் ஒரு துளி. இரண்டு தாள் வீணாயிற்று, மூன்றாவதில் மிசியே தெரிந்தார். எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள் என்பது எனக்கு முடித்த பிறகுதான் தெரிந்தது. மிசியே படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எழுவத்தோரு வருசமா எல்லாரும் இந்தக் கலரைப் பாத்திருக்காங்க மதாம், வரையணும்னு ஒருத்தரும் என்னை உக்காரச் சொன்னதில்ல."

ஐப்பசி மழையில்

நாலு மாதம் போட்டார் அஞ்சலை அக்கா. ஒரு வாரம்கூட விடவில்லை. கை கரியில் ஊறிப்போனது. மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர்கள், என்ன ஆயிற்று விரலுக்கு என்று கேட்கிறார்களாம். படம் நன்றாக வந்தது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும்தான் கடைசிவரை இருந்தது. வாய் அமையவே இல்லை. நெற்றியும் தழும்பும் நிறமும் மட்டும், பார்க்கிறவர்களை ஒரு நிமிஷம் நிறுத்திவைத்தன. நான் அவர் தாளில் ஒரு கோடுகூடப் போடவில்லை. போட்டால் நன்றாக வந்துவிடுமே என்று கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். பதினெட்டு வருஷத் தொழிலில் அதுதான் எனக்குக் கஷ்டமான வேலை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை, ஹாலுக்கு அவரும் நானும்தான் வந்திருந்தோம். துண்டில் சுற்றிய அந்தச் சட்டத்தை மறுபடி கொண்டுவந்திருந்தார். சுவரிலிருந்து கழற்றிவிட்டதாகவும், பெரிய மகனோடு அதற்குச் சண்டை என்றும், என்னிடமே கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கொண்டுவந்ததாகவும் சொன்னார். வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு, கேட்கக்கூடாது என்று நாலு மாதமாக அடக்கிவைத்திருந்ததைக் கேட்டேன். கண்ணை மூடினால் சக்தி வருகிறானா?

அவர் இல்லை என்று தலையாட்டினார். எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள் என்று அங்கேயே அழுதுவிட்டேன். அவர் கரிக் கையால் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துக்கொண்டே சொன்னார்: "யாருமே வர்றதில்ல டீச்சரு, வெறும் இருட்டா இருக்குது. அந்தப் படத்துப் புள்ள போயிட்டான். இனிமே எடம் காலியாத்தானே இருக்குது, எம்புள்ள வந்தான்னா உக்காந்துக்குவான்."

இன்றைக்கும் சனிக்கிழமை மதியம் எனக்குச் சோறு இறங்குவதில்லை என்றாலும், சபைக்கூச்சம் போக என்ன மருந்து என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நாம் செய்த ஒரு தப்பு ரெண்டு பஸ் மாறி வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டால், மற்ற ஏழு பேர் பார்க்கிறார்களே என்கிற கவலை தன்னால் போய்விடும்.